பசை பிதுக்கும் கலை

தினந்தோறும் தவறாமல் நடைபெறும் காரியங்களுள் மனிதன் சற்றும் யோசியாமல் செய்வது எது என்று கேட்டால், பல் துலக்குவதற்குப் பற்பசையைப் பிதுக்குவதுதான் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். கண்கள் பாதி மூடியிருக்கின்றன. மனம் இன்னும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. கை மட்டும் பழக்கத்தின் பலத்தினால் டியூபை எடுக்கிறது, மூடியைத் திருகுகிறது, அழுத்துகிறது. பிரஷின் மேல் வெள்ளைப் பசை ஒரு சிறு பாம்பைப் போல் நெளிந்து வந்து படுத்துக்கொள்கிறது. அந்தப் பசை இவ்வளவுதான் வரவேண்டும் என்று நிர்ணயித்தவர் யார்? நாமா? டியூபா? அல்லது விளம்பரப் படமா?

அற்பக் கேள்விதானே என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். குடும்பத்தின் மாதச் செலவில் ஒரு பகுதியும், நம் குழந்தைகளுடைய பற்களின் க்ஷேமமும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. 

நம் முன்னோர் ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு பல் துலக்கினார்கள். உமிக்கரியும் உப்பும் வைத்துத் தேய்த்தார்கள். பிறகு பற்பொடி வந்தது. அக்காலத்தில் அளவு என்பது அவரவர் உள்ளங்கையில் இருந்தது. கொட்டிக்கொண்ட பொடி கண்ணெதிரே தெரியும். மிகுந்துவிட்டால் பாட்டி அதட்டுவாள். பற்பசை வந்த பிறகோ அளவு கையை விட்டுப் போய்க் கருவிக்குள் புகுந்துகொண்டது. அந்தக் கருவி எப்படிப் பிறந்தது, எப்படி வளர்ந்தது, நம்மை எப்படி நடத்துகிறது என்பதைச் சற்று விசாரிப்போம்.

சித்திரக்காரர் செய்த உபகாரம்

பற்பசை டியூபுக்கு மூல புருஷர் பல் வைத்தியர் அல்லர், ஒரு சித்திரக்காரர். ஜான் கோஃப் ராண்ட் என்பது அவருடைய பெயர். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் 1801-ம் வருஷம் பிறந்தவர். மனிதர்களின் உருவப் படம் தீட்டுவதே அவருடைய ஜீவனோபாயம். லண்டன் மாநகரில் தங்கித் தொழில் செய்து வந்தார்.

அந்நாட்களில் குழைத்த எண்ணெய் வர்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்து, வாயைக் கயிற்றால் கட்டி வைப்பது வழக்கம். வேண்டும்போது ஒரு துளை குத்தி வர்ணத்தைப் பிதுக்கிக்கொண்டு, பிறகு சிறு ஆணியால் அந்தத் துளையை அடைத்துவிடுவார்கள். ஆனால் அடைப்பு சரியாகப் பொருந்தாது. காற்றுப் பட்டு வர்ணம் உறைந்துபோகும். எங்கேயாவது எடுத்துச் சென்றால் பை வெடித்து உடுப்பெல்லாம் வர்ணமாகும். 

இந்தத் தொல்லைக்கு ராண்ட் 1841-ம் வருஷத்தில் ஒரு பரிகாரம் கண்டுபிடித்து உரிமைப் பத்திரமும் பெற்றார். மெல்லிய வெள்ளீயத் தகட்டினால் ஒரு குழல். ஒரு பக்கத்தில் வாய். மறு பக்கத்தை மடித்து நசுக்கி மூடிவிடுவது. இவ்வளவுதான் சங்கதி. இதன் சிறப்பு என்னவென்றால், அழுத்திய இடம் அழுங்கியபடியே நின்றுவிடும். பசை வெளியேறிய அளவுக்குக் குழலும் ஒடுங்கிவிடுவதால், உள்ளே காற்றுப் புக இடமே இல்லை. பிற்பாடு வாய்க்குத் திருகுமூடியும் சேர்ந்துகொண்டது. சித்திரக்காரர்கள் வர்ணங்களைப் பையில் போட்டுக்கொண்டு வயல்வெளிக்கும் ஆற்றங்கரைக்கும் போய், இயற்கையின் எதிரிலேயே உட்கார்ந்து எழுதுவது இதனால் எளிதாயிற்று. பிரான்ஸ் தேசத்தில் மோனே, ரெனுவார் முதலியோரின் புதிய சித்திர மரபு தழைத்ததற்கு இந்தச் சின்னஞ்சிறு குழலும் ஒரு காரணம் என்று கலா விமர்சகர்கள் சொல்லுவார்கள்.

ஜாடியிலிருந்து குழலுக்கு

வர்ணம் குழலுக்குள் போய்ச் சேர்ந்த பிறகும், பற்பசை நெடுநாள் ஜாடியிலேயே இருந்தது. அமெரிக்காவில் கோல்கேட் கம்பெனியார் 1873-ம் வருஷத்தில் பற்பசை விற்கத் தொடங்கியபோது அதை ஜாடியில் அடைத்துத்தான் விற்றார்கள். வீட்டில் தாத்தா முதல் பேரன் வரை எல்லோரும் தத்தம் பிரஷை அந்த ஒரே ஜாடிக்குள் விட்டுத் தோண்டி எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் வாயிலிருந்த பிரஷ் பட்ட பசை மற்றொருவர் வாய்க்குப் போகும். எச்சிலுக்கு அஞ்சும் நம் வீட்டு ஆசாரக்காரர்கள் இதைப் பார்த்திருந்தால் மூக்கின் மேல் விரலை வைத்திருப்பார்கள். 

கனெக்டிகட் மாகாணத்தில் நியூ லண்டன் என்ற ஊரில் வாஷிங்டன் ஷெஃபீல்ட் என்றொரு பல் வைத்தியர் இருந்தார். தாமே பசை தயாரித்துத் தம்மிடம் வருவோருக்குக் கொடுத்து வந்தவர். அவருடைய குமாரர் லூஷியஸ் பாரிஸ் நகரத்துக்குப் படிக்கச் சென்றபோது, சித்திரக்காரர்கள் குழலிலிருந்து வர்ணம் பிதுக்குவதைக் கண்டு, “இதில் பற்பசையை அடைத்தால் என்ன?” என்று யோசித்ததாகச் சொல்வதுண்டு. 1890-களின் தொடக்கத்துக்குள் ஷெஃபீல்டின் பசை டியூபில் வந்துவிட்டது. ஐரோப்பாவில் வியன்னா நகரத்தைச் சேர்ந்த கார்ல் ஸார்க் 1887-ம் வருஷத்திலேயே ‘கலோடாண்ட்’ என்ற பசையை டியூபில் விற்கத் தொடங்கியிருந்தார். கோல்கேட்டும் 1896-ம் வருஷத்தில் ஜாடியை விட்டு டியூபுக்கு மாறியது. ஜாடியின் எச்சில் தோஷம் இவ்வாறாகத் தீர்ந்தது.

ஆனால் ஒரு தோஷம் தீரும்போது இன்னொன்று முளைப்பது உலக இயல்பு. ஜாடியில் பசை குறைவது கண்ணுக்குத் தெரிந்தது. டியூபில் அது தெரிவதில்லை. மேலும் 1908-ம் வருஷத்தில் கோல்கேட் கம்பெனியார், பசை உருண்டையாக வராமல் நாடாவைப் போல் தட்டையாக வரும்படி டியூபின் வாயை அமைத்து, பசையைத் திருத்த இயலாமையால் டியூபைத் திருத்தினோம் என்ற கருத்தில் பெருமையாக விளம்பரம் செய்தார்கள். உருண்டையான பசை பிரஷிலிருந்து உருண்டு விழும். நாடா விழாமல் படுத்திருக்கும். அது மெய்யான சௌகரியம்தான். ஆனால் நாடா என்றாலே நீளம் என்ற எண்ணம் வந்துவிடுகிறதல்லவா? பிரஷ் எவ்வளவு நீளமோ, பசையும் அவ்வளவு நீளம் இருக்கவேண்டும் என்ற வழக்கத்துக்கு இத்தகைய டியூப்கள் வழிகோலின.

நம் நாட்டு முயற்சி

பற்பசை நம் தேசத்துக்குச் சீமைச் சரக்காக வந்ததேயாயினும், அதைச் சீமைச் சரக்காகவே இருக்க விட்டுவிடாத தீரர்களும் இருந்தார்கள். சுதேசி உணர்ச்சி மேலோங்கிய காலத்தில், 1916-ம் வருஷம், ககேந்திர சந்திர தாஸ் முதலியோர் கல்கத்தா கெமிக்கல் கம்பெனியைத் தொடங்கினார்கள். கிராமத்து வேப்பங்குச்சியின் குணத்தை டியூபுக்குள் அடைக்கும் நோக்கத்துடன் அவர்கள் தயாரித்த ‘நீம்’ பற்பசையும், ‘மார்கோ’ சோப்பும் தேசமெங்கும் பிரசித்தி பெற்றன. 

பசை மட்டுமின்றி டியூபும் இந்தியாவில் உற்பத்தியாக வேண்டும் என்ற முயற்சி பின்னால் பெரிதாகப் பலித்தது. 1980-களில் பம்பாய்ப் பக்கத்தில் தொடங்கப்பெற்ற எஸ்ஸெல் கம்பெனி, பல அடுக்கு பிளாஸ்டிக் டியூப் செய்வதில் உலகின் முதல் வரிசைக்கு உயர்ந்து, வெளி தேசங்களிலும் தொழிற்சாலைகள் அமைத்தது. பிளாக்ஸ்டோன் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் 2019-ம் வருஷத்தில் அதன் பெரும்பங்கை விலைக்கு வாங்கிய பிறகு, அது இ.பி.எல். என்று பெயர் மாறியது. அயல் நாட்டுக் குளியலறையில் ஒருவர் பிதுக்கும் டியூப் இந்தியர் தோற்றுவித்த கம்பெனியில் உருவானதாக இருக்கக்கூடும் என்பது நாம் அறிந்துகொள்ளத் தக்க செய்தியே.

யுத்தமும் வெள்ளீயமும்

பழைய டியூப்கள் வெள்ளீயத்தாலோ, காரீயத்தின் மேல் வெள்ளீயம் பூசியோ செய்யப்பட்டன. அந்த வெள்ளீயம் எங்கிருந்து கிடைத்தது? யுத்தத்துக்கு முன் உலகிலேயே மிகுதியாக வெள்ளீயம் தோண்டப்பட்ட இடம் மலேயா. நம் தமிழ் மக்கள் கப்பலேறிச் சென்று ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த அதே மலேயாதான். பேராக் ராஜ்யத்தில் ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தாப் பள்ளத்தாக்கு ஈயச் சுரங்கங்களுக்குப் பெயர் போனது. 

1942-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 15-ந் தேதி சிங்கப்பூர் விழுந்தது. மலேயா முழுவதும் ஜப்பானியர் வசமாயிற்று. அதன் எதிரொலி எங்கே கேட்டது தெரியுமா? அமெரிக்கர்களின் குளியலறையில்! அவ்வருஷம் ஏப்ரல் முதல், புதிய பற்பசை டியூப் வாங்கவேண்டுமானால் காலியான பழைய டியூபைக் கடையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று அமெரிக்க சர்க்கார் உத்தரவு போட்டார்கள். நேற்று வரை குப்பைத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்த டியூபை மக்கள் பத்திரப்படுத்த வேண்டியதாயிற்று. பசையைத் துளித் துளியாகப் பிதுக்க வேண்டிய பொருளாகவும், டியூபை எறியக்கூடாத பொருளாகவும் மனிதர்கள் கருதிய காலம் அது. அப்புறம் யுத்தம் முடிந்தது. அந்தப் பாடமும் மறந்துபோயிற்று.

பிற்காலத்தில் அலுமினிய டியூப் பெருகியது. காரீயம் உடலுக்கு விஷம் என்ற எச்சரிக்கை வலுத்ததும் அதன் உபயோகம் ஒழிந்தது. 1970-களிலிருந்து பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியத் தாளும் அடுக்கடுக்காக ஒட்டிய டியூப்கள் பரவின. அவை வெடிப்பதில்லை, கசிவதில்லை, கையைக் கிழிப்பதில்லை. ஆனால் ஒரு குணம் மட்டும் போய்விட்டது. உலோக டியூபை அழுத்தினால் அழுங்கியபடியே நிற்கும். சுருட்டினால் சுருண்டபடியே இருக்கும். பிளாஸ்டிக் டியூபோ, கையை எடுத்தவுடன் பழையபடி நிமிர்ந்து நிற்கப் பார்க்கிறது. நிமிரும்போது காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. பசை அடியில் ஒரு பக்கமும் நடுவில் ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடக்கிறது. “நடுவில் அழுத்தாதே, அடியிலிருந்து அழுத்து” என்று வீடுகளில் கணவனுக்கும் மனைவிக்கும் நடக்கும் நித்தியச் சண்டைக்குப் பெருங் காரணம் இந்தக் குணமாற்றமே. குற்றம் தம்பதிகளுடையது அன்று, பிளாஸ்டிக்கினுடையது!

பசையின் பிடிவாதம்

இனி, டியூபுக்குள் இருக்கும் பசையின் குணத்தையும் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். தேனைச் சாய்த்தால் மெதுவாகவேனும் வழியும். பற்பசை அப்படியன்று. மூடியைத் திறந்து டியூபைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும். குறிப்பிட்ட அளவு அழுத்தம் வரும் வரையில் அது கெட்டிப் பொருள்; அந்த எல்லையைத் தாண்டியதும் திரவம். இப்படிப்பட்ட பொருள்களின் இயல்பை ஆராய்ந்து, அதற்குக் கணக்கு வகுத்துக் கொடுத்தவர் அமெரிக்க ரசாயன சாஸ்திரி யூஜீன் பிங்காம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் செய்த ஆராய்ச்சியால், இவற்றைப் ‘பிங்காம் பிளாஸ்டிக்’ என்றே சாஸ்திர நூல்கள் அழைக்கின்றன.

பிரஷின் மேல் வைத்த பசை பரவி ஓடாமல் வைத்தது வைத்தபடி நிற்பது இந்தப் பிடிவாதத்தினால்தான். ஆனால் நம் கை ஏமாறுவதும் இதனால்தான். மெல்ல அழுத்துகிறோம், ஒன்றும் வரவில்லை. சற்று அதிகமாக அழுத்துகிறோம், அப்போதும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் எல்லை தாண்டிவிடுகிறது. நகரத் தொடங்கிய பசை முன்னிலும் இளகி விரைந்து ஓடும் குணமுடையது. ஆகவே வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு வந்து விழுகிறது. வந்ததைத் திருப்பி உள்ளே அனுப்ப எந்தச் சக்கரவர்த்தியாலும் முடியாது. பாதித் தூக்கத்தில் இருக்கும் கைக்கு இப்படிப்பட்ட பசையை அளந்து எடுக்கும் வேலையை ஒப்படைத்திருக்கிறோம்!

பசையின் இதே குணத்தை வைத்து வேடிக்கை காட்டியவர் ஒருவர் உண்டு. வெள்ளைப் பசையில் சிவப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடி வருவதை நேயர்கள் பார்த்திருக்கலாம். குழந்தைகள், “உள்ளேயே கோடு போட்டு வைத்திருக்கிறார்களா?” என்று கேட்பதுண்டு. இல்லை. லெனார்ட் மராஃபினோ என்ற அமெரிக்கர் 1950-களில் செய்த உபாயம் அது. டியூபின் வாயிலிருந்து உட்புறமாக ஒரு சிறு குழாய் நீண்டிருக்கும். அதன் மேற்பகுதியில் சுற்றிலும் நுண்ணிய துளைகள். அந்தக் குழாயைச் சூழ்ந்த கழுத்துப் பகுதியில் வர்ணப் பசையையும், மற்ற இடமெல்லாம் வெள்ளைப் பசையையும் நிரப்பிவிடுவார்கள். அழுத்தும்போது வெள்ளைப் பசை குழாயின் நடுவே வரும்; வர்ணப் பசை துளைகளின் வழியாக அதன் மேல் கோடிடும். பசை கலங்காமல் ஒரே கட்டியாக நகர்வதால் கோடுகள் குலையாமல் வெளியே வருகின்றன. அமெரிக்காவில் ‘ஸ்ட்ரைப்’ என்றும், இங்கிலாந்தில் ‘சிக்னல்’ என்றும் இப்பசை விற்பனையாயிற்று. பல்லுக்கு அந்தக் கோடுகளால் லாபமா என்பது வேறு விஷயம். கண்ணுக்கு விருந்து என்பதில் சந்தேகமில்லை.

சாவியும் பம்பும் சுவர்க் கருவியும்

டியூபை அடக்கி ஆளுவதற்கென்று தோன்றிய உபகருவிகள் பல. அவற்றுள் மிகப் பழையதும் மிக எளியதும் சாவி. நீளவாக்கில் பிளவுபட்ட சிறு தண்டு. டியூபின் அடியை அந்தப் பிளவில் செருகித் திருகினால் டியூப் பாய் சுருட்டுவதுபோல் சுருண்டுகொண்டே வரும். உலோக டியூபுக்கு இது அலங்காரம். பிளாஸ்டிக் டியூபுக்கோ இது அவசியம். ஏனெனில் உலோகம் இழந்துபோன குணத்தை இந்தச் சாவி திருப்பிக் கொடுக்கிறது. சாவி கிடைக்காத வீட்டில், துணி உலர்த்தும் கிளிப் ஒன்று அதே வேலையைச் செய்யும். டியூபை அடியிலிருந்து மடித்துக் கிளிப்பைப் போட்டுவிட்டால், தம்பதிகளின் சண்டை அன்றோடு தீரும்.

இரண்டாவது வகை பம்பு. 1980-களில் அமெரிக்காவில் இது பெருத்த ஆரவாரத்துடன் கடைக்கு வந்தது. நிமிர்ந்து நிற்கும் கெட்டியான பிளாஸ்டிக் உருளை. தலையில் ஓர் அழுத்துவிசை. விசையை அழுத்தினால் மேலறையிலுள்ள பசை வெளியே வருகிறது. விட்டதும் மேலறை விரிந்து கீழேயுள்ள பசையை இழுக்கிறது. உருளையின் அடியில் ஒரு தட்டு உண்டு. அது மேலே ஏறுமேயன்றிக் கீழே இறங்காது. பசை குறையக் குறைய வெளிக்காற்றின் அழுத்தம் அந்தத் தட்டை மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. ஒரு தடவை அழுத்தினால் ஏறக்குறைய ஒரே அளவுதான் வரும் என்பது இதன் உயர்ந்த குணம். கை நடுங்கும் முதியோருக்கும் இது உதவி. எனினும், டியூபைவிட அதிக பிளாஸ்டிக் செலவு, விலையும் கூடுதல், இடத்தையும் அடைக்கும். ஆகவே பம்பு டியூபை வெல்ல முடியவில்லை.

மூன்றாவது, சுவரில் ஒட்டும் கருவி. இப்போது கடைகளில் மலிந்திருப்பது இதுவே. டியூபைத் தலைகீழாக இதன் மேல் துவாரத்தில் செருகிவிட வேண்டும். பிரஷைக் கீழ்த் துவாரத்தில் நுழைத்துத் தள்ளினால், உள்ளேயிருக்கும் மெத்தென்ற ரப்பர் போன்ற அறை அமுங்கிப் பசையைக் கக்குகிறது. பிரஷை எடுத்தால் அறை விரிந்து, டியூபிலிருந்து அடுத்த வேளைப் பசையை உறிஞ்சிக்கொள்கிறது. மின்சாரம் வேண்டாம். ஒரு கையாலேயே காரியம் முடிந்துவிடும். பக்கவாதத்தால் ஒரு கை விழுந்தவர்கள், மூட்டு வாதத்தால் விரல் மடங்காதவர்கள், இவர்களுக்கெல்லாம் இக்கருவி ஒரு வரப்பிரசாதம். பிறர் உதவியை எதிர்பாராமல் தம் காலைக் கடனைத் தாமே முடித்துக்கொள்வது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்பது அதை இழந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மற்றவர்கள் இதை வாங்குமுன் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். வாரக்கணக்கில் கழுவாமல் விட்டால் பசை உள்ளே உலர்ந்து அடைத்துக்கொள்ளும். அதைக் காட்டிலும் முக்கியமானது, வீட்டிலுள்ள எல்லோருடைய பிரஷும் ஒரே துவாரத்தில் போய் இடிப்பது. ஜாடியின் எச்சில் தோஷத்தை எந்த டியூப் போக்கியதோ, அந்த டியூபின் தலையிலேயே அதே தோஷம் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது! பிரஷை நன்றாகக் கழுவி உதறிய பிறகே கருவியில் வைப்பதும், வாரம் ஒரு முறை கருவியைக் கழற்றிச் சுடுநீரில் அலசுவதும் இதற்குத் தக்க பரிகாரம்.

கடைசியாக ஓர் அதிசயம். டியூபின் உட்சுவரில் பசை ஒட்டாமலே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால்? அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் கிருபா வாரணாசியும் அவருடைய மாணவர் டேவிட் ஸ்மித்தும் இப்படியொரு வழுக்குப் பூச்சைக் கண்டுபிடித்தார்கள். பேராசிரியர் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர். ‘லிக்விகிளைட்’ எனப்படும் இந்தப் பூச்சைப் பூசிய புட்டியில் பசை சுவரைப் பற்றாமல் சறுக்கி வருகிறது. கோல்கேட் கம்பெனியார் இதைக் கொண்டு ‘எலிக்ஸர்’ என்ற பசையை 2021-ம் வருஷத்தையொட்டி ஐரோப்பாவில் வெளியிட்டார்கள். புட்டி கண்ணாடி போல் தெளிவானது. மிச்சம் எவ்வளவு என்பது வெளியிலிருந்தே தெரியும். ஜாடி போனதோடு மறைந்துபோன ஒரு நன்மை இவ்விதம் திரும்பி வந்தது.

எவ்வளவு போதும்?

கருவிகளின் வரலாறு இருக்கட்டும். பிரஷின் மேல் எவ்வளவு பசை வைக்கவேண்டும்? விளம்பரப் படத்தைப் பார்த்தால் பிரஷ் முழுவதையும் மூடி, நுனியில் கொண்டை வைத்த அலைபோல் பசை சுருண்டு நிற்கும். இந்த அலைவடிவப் படம் யாருக்குச் சொந்தம் என்று 2010-ம் வருஷத்தில் கோல்கேட் கம்பெனியும் கிளாக்ஸோ கம்பெனியும் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒருவர் மேல் ஒருவர் வழக்குத் தொடுத்து, மறு வருஷம் சமாதானம் செய்துகொண்டன. ஒரு பசை வளையத்துக்காகக் கோர்ட்டுக்குப் போவார்களானால், அந்தப் படம் நம் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்து வேலை செய்கிறது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

பல் வைத்தியர்கள் சொல்லும் அளவு வேறு. மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு ஓர் அரிசியளவு. மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு. அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் 2014-ம் வருஷத்தில் கூறிய யோசனை இது. பெரியவர்களுக்கும் பட்டாணியளவே போதும் என்பது வைத்தியர் பலருடைய அபிப்பிராயம். பல்லைச் சுத்தம் செய்வதில் பெரும் பங்கு பிரஷுக்கும், அதைப் பிடித்துத் தேய்க்கும் பொறுமைக்குமே உரியது. 

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரஷ் முழுவதும் வைத்த பசை சுமார் 1 கிராம். பட்டாணியளவு சுமார் கால் கிராம். நான்கு பேருள்ள குடும்பத்தில் நாளுக்கு இரு வேளை துலக்கினால் எட்டுத் தடவையாகிறது. விளம்பரத்தின் அளவுப்படி 100 கிராம் டியூப் பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும். பட்டாணிக் கணக்குப்படி ஐம்பது நாள் வரும். ஒரு வருஷத்தில் முப்பது டியூப் வாங்கும் வீட்டுக்கு ஏழெட்டு டியூபே போதும். மிச்சமாகும் பணம் ஒரு புறமிருக்க, குப்பைக்குப் போகும் இருபதுக்கு மேற்பட்ட டியூப்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாதபடி ஒட்டிய டியூபை உருக்கி மறுபடி உபயோகிப்பது மிகக் கடினம். ஒரே வகைப் பிளாஸ்டிக்கினால் செய்து, மறுபடி உபயோகிக்கத் தக்க டியூபைக் கோல்கேட் கம்பெனியார் 2019-ம் வருஷத்தில் அறிமுகப்படுத்தினார்கள். நல்ல காரியந்தான். ஆயினும் அதைத் தனியே திரட்டி எடுத்துச் செல்ல ஊரில் ஏற்பாடு இருந்தாலன்றி, அந்த டியூபும் மற்ற டியூபோடு குப்பை மேட்டுக்கே போய்ச் சேரும்.

பணத்தைவிடப் பெரியது குழந்தைகளின் விஷயம். பற்பசையில் ஃப்ளோரைடு என்ற உப்புச் சத்துச் சேர்க்கிறார்கள். அது பல்லின் மேற்பூச்சை உறுதிப்படுத்திச் சொத்தையைத் தடுக்கிறது; இதில் ஐயமில்லை. ஆனால் வாயில் பூச வேண்டிய பொருள் அது. வயிற்றுக்குள் போகவேண்டிய பொருள் அன்று. சிறு குழந்தைக்குத் துப்பத் தெரியாது. இனிப்பும் மணமும் இருப்பதால் விழுங்கிவிடும். பற்கள் ஈறுக்குள் உருவாகும் பருவத்தில், அதாவது சுமார் எட்டு வயது வரையில், ஃப்ளோரைடு அளவுக்கு மிஞ்சி உடம்பில் சேர்ந்தால், பின்னால் முளைக்கும் நிலைப்பற்களில் வெள்ளைத் திட்டுகளும் பழுப்புக் கறைகளும் தோன்றும். அந்தக் கறை எவ்வளவு தேய்த்தாலும் போகாது. 

நம் நாட்டுச் சட்டப்படி பற்பசையில் ஃப்ளோரைடு பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அதாவது 1 கிராம் பசையில் 1 மில்லிகிராம் வரை. குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக்கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் வரம்பு கட்டியிருக்கிறது. இரு வேளையும் பிரஷ் முழுவதும் பசை வைத்து, அதை முழுதும் விழுங்கிவிடும் குழந்தையின் வயிற்றில், அந்த வரம்பை எட்டிய தண்ணீரை ஒரு லிட்டருக்கு மேல் குடித்த அளவு ஃப்ளோரைடு சேர்ந்துவிடுகிறது. அரிசியளவு வைத்தாலோ, விழுங்கினாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலேயே தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இயற்கையாகவே மிகுந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அங்குள்ள மக்களின் பற்களில் அந்தக் கறை படிந்து வந்திருக்கிறது. முற்றிய நிலையில் அது எலும்பையும் தாக்கும். அத்தீமையைக் குறைப்பதற்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டு செல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013-ம் வருஷத்தில் திறந்து வைக்கப்பட்டது. கோடிக்கணக்கில் செலவு செய்து சர்க்கார் தண்ணீரிலிருந்து விலக்க முயலும் ஒரு பொருளை, விளம்பரப் படத்தைப் பார்த்து நாமே குழந்தையின் வாயில் அள்ளி வைப்பது எவ்வளவு அறியாமை! அப்படிப்பட்ட ஊர்களில் எந்தப் பசை, எவ்வளவு என்பதைப் பல் வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே உத்தமம்.

வீட்டில் செய்யத் தக்கவை

எந்தக் கருவியை வாங்கினாலும் அதற்கு மேலே ஒரு மனிதக் கண் இருக்கவேண்டும் என்பதே நாம் சொல்ல விரும்புவது. ஆறு வயது வரையில் குழந்தையின் பிரஷில் பெரியவர்களே பசை வைக்க வேண்டும். டியூபைக் குழந்தையின் கையில் கொடுக்கக் கூடாது. நாடாவாக நீளவாக்கில் வைக்காமல், பிரஷின் குறுக்கே சிறிது வைத்து மயிருக்குள் அழுத்திவிட்டால் அளவு மிஞ்சாது, கீழேயும் விழாது. சுவர்க் கருவி வைத்திருப்பவர்கள் குழந்தைகளின் பிரஷை அதில் முழுவதும் தள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துப்பப் பழக்குவதைப் பல் துலக்கப் பழக்கும் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். டியூபை அடியிலிருந்து மடித்துக் கிளிப் போடலாம். தீர்ந்துவிட்டது என்று தோன்றும்போது கத்தரியால் வெட்டித் திறந்து பார்த்தால், இன்னும் சில நாளைக்குத் தேவையான பசை உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

இவற்றுள் எதற்கும் காசு செலவில்லை. நாளைக் காலையில் டியூபைக் கையிலெடுக்கும் நேயர்கள், சமையலறை டப்பாவிலிருந்து ஒரு பட்டாணியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு பிதுக்கிப் பார்ப்பார்களாக. குழந்தைகள் அருகிலிருந்தால் அவர்களுக்கும் காட்டலாம். அந்தப் பட்டாணியைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஒரு முறை பார்த்த அளவை மறக்கமாட்டார்கள்.